ஏழு வயதுச் சிறுமியின் காய்ச்சல்: ஒரு குடும்பம் மருத்துவரைத் தேடிய வழி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், 2022 நவம்பர் மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. அவள் குணமாகி வீடு திரும்பும்வரை நடந்தவற்றை, தாயும் கிராம சுகாதார செவிலியரும் சொன்னதைக் கொண்டும், வீட்டில் இருந்த மருந்துச் சீட்டுகள், ஆய்வக அறிக்கை, மருத்துவமனையின் விடுவிப்புக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களும் ஊரின் அடையாளமும் தவிர்க்கப்பட்டுள்ளன.

சிறுமி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எடை 19 கிலோ. தந்தை பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். வீட்டில் தாய், மூன்று வயதுத் தம்பி, தந்தைவழி ஆயா, நான்கைந்து ஆடுகள். ஆரம்ப சுகாதார நிலையம் ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதே சாலையில் இன்னும் சற்றுத் தள்ளியுள்ள சந்தை ஊரில் இரண்டு மருந்துக் கடைகளும் மாலையில் மட்டும் திறக்கும் ஒரு தனியார் மருத்துவரின் கிளினிக்கும் உண்டு. குழந்தை நல மருத்துவரைப் பார்க்க வேலூருக்குத்தான் போக வேண்டும்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24ஆம் தேதி வந்தது. விடுமுறை நாட்களில் சிறுமி ஆயாவுடன் ஆடு மேய்க்கப் போய், மலையோரப் புதர்களை ஒட்டிய புல்தரையில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறாள். காய்ச்சல் தொடங்கியது நவம்பர் 4ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை. இவ்விரண்டுக்கும் இடையே பத்துப் பதினோரு நாள் இருந்ததை அந்த வாரத்தில் வீட்டார் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணிப் பார்க்கக் காரணமும் அவர்களுக்கு இல்லை.

முதல் மூன்று நாட்கள்

வெள்ளிக்கிழமை இரவு தாய், தம்பிக்காக முன்பு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பில் ஒரு மூடி, அதாவது 5 மில்லி, கொடுத்தார். அந்தச் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் வலிமை உடையது. குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்படுவதால், 19 கிலோ எடையுள்ள இவளுக்கு ஏறத்தாழ 285 மில்லிகிராம் தேவைப்பட்டது. கிடைத்தது அதில் பாதிக்கும் குறைவு. காய்ச்சல் இறங்காததைக் கண்ட தாய், மருந்துக்குக் கேட்காத காய்ச்சல் இது என்று முடிவு செய்தார். அவர் கையில் இருந்த தகவலுக்கு அந்த முடிவு பொருந்தியே இருந்தது.

சனிக்கிழமை காலை தலைவலி என்று சிறுமி அழுதாள். ஒருநாள் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் அரைநாள் நிற்க வேண்டுமா என்ற தயக்கத்தில் தாய் பகலைக் கடத்தினார். மாலையில் சந்தை ஊரின் மெடிக்கலில் வயதைச் சொல்லிக் கேட்டபோது, பட்டையிலிருந்து வெட்டிய மூன்று வகை மாத்திரைகளை வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுத்தார்கள். அவை என்ன மாத்திரைகள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பின்னர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைக் கேட்டபோது தாயால் பதில் சொல்ல முடியவில்லை. டெங்கு பரவும் பருவத்தில் ஐபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக் கசிவுக்கு வழிசெய்யக்கூடும் என்பதால், அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயமாகக் கேட்கப்பட்டதன்று.

அன்று குளிப்பாட்டும்போதே மகளின் வலது அக்குளில் கருத்துக் காய்ந்த சிறு புண் ஒன்றைத் தாய் பார்த்திருக்கிறார். வலியும் அரிப்பும் இல்லை என்று சிறுமி சொன்னதால், பட்டாசுப் பொறி பட்டிருக்கும் என்று நினைத்து மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிவிட்டார். இந்த ஆய்வின் மிக முக்கியமான தகவல் இதுதான். அடுத்த ஐந்து நாட்களுக்கு அது வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையத்தில் செவிலியர் மட்டுமே இருப்பார் என்று கருதி, மாலையில் தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். காய்ச்சல் 102 டிகிரி. நெஞ்சையும் தொண்டையையும் பார்த்த மருத்துவர், செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பும் சரியான அளவில் பாராசிட்டமாலும் எழுதினார். ஊசி போட்டால்தான் கேட்கும் என்று தாய் வற்புறுத்தியதன் பேரில் ஓர் ஊசியும் போட்டார். அது என்ன ஊசி என்று சீட்டில் இல்லை. ஆனால் சீட்டின் அடியில் ஒரு வரி இருக்கிறது: மூன்று நாளில் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு வரவும்.

அன்றிரவு காய்ச்சல் இறங்கியது. திங்கட்கிழமை நண்பகலுக்குள் 103 டிகிரியாக மீண்டும் ஏறியது. இரண்டு முறை வாந்தியும் எடுத்தாள்.

வேலூர்ப் பயணம்

திங்கட்கிழமை இரவு தொலைபேசியில் பேசிய தந்தை, சின்ன டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தால் ஆகாது, பெரிய டாக்டரிடம் போ என்றார். செவ்வாய்க்கிழமை, நவம்பர் 8, அவர்கள் வேலூரில் குழந்தை நல மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்குச் சென்றார்கள். அன்று சந்திர கிரகணம். கிரகண நேரத்தில் நோயாளிக் குழந்தை வெளியே இருக்கக் கூடாது என்பது ஆயாவின் நிபந்தனை. ஆகவே மாலைக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கோடுதான் காலையில் பஸ் ஏறினார்கள்.

டோக்கன் எண் வர நண்பகல் ஆகிவிட்டது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று மருத்துவர் கேட்டார். “ரெண்டு நாளா விடாம அடிக்குதுங்க” என்று தாய் சொன்னார். ஊசிக்குப் பிறகு இறங்கிய காய்ச்சலை அவர் முடிந்துபோன ஒன்றாகவும், திங்கட்கிழமை ஏறியதைப் புதிய ஒன்றாகவும் எண்ணியிருந்தார். சீட்டிலும் ‘காய்ச்சல் 2 நாள்’ என்றே பதிவாகியிருக்கிறது. உண்மையில் அது ஐந்தாம் நாள். முந்தைய மருத்துவரின் சீட்டை அவர் கொண்டுபோகவில்லை. வேறு டாக்டரிடம் காட்டியது தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்ற அச்சம் அதற்குக் காரணம், இந்த அச்சம் நம் ஊர்களில் பரவலானது, முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது.

இரத்த அணுக்களின் எண்ணிக்கைக்கும் டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்த மருத்துவர், முடிவை எடுத்துவந்து காட்டும்படி சொன்னார். ஆய்வகத்தில் மாலை ஐந்து மணி ஆகும் என்றார்கள். கிரகணத்துக்கு முன் வீடு சேர வேண்டியிருந்ததால், அறிக்கையைத் தந்தையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத் தாய் கிளம்பினார்.

அறிக்கை பெங்களூருக்குப் போனது. தந்தை அதில் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லைக் கண்டு, டெங்கு இல்லையாம், பயப்படாதே என்று வீட்டுக்குச் சொன்னார். அதே பக்கத்தில் இரத்தத் தட்டணுக்கள் 1,12,000 என்று இருந்தன. இயல்பான கீழ்வரம்பு 1,50,000. அந்த எண்ணின் பக்கத்தில் குறைவு என்பதைக் காட்டும் குறியும் இருந்தது. பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்க்கவே இல்லை. என்எஸ்1 பரிசோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே நம்பத் தக்கது. நாட்கள் செல்லச் செல்ல, டெங்கு இருந்தாலும் அது நெகட்டிவ் காட்டும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டாம் நாளில் வரும் நெகட்டிவும் ஐந்தாம் நாளில் வரும் நெகட்டிவும் ஒன்றல்ல என்பதால், சீட்டில் எழுதப்பட்ட ‘2 நாள்’ என்பது, அறிக்கை மருத்துவரிடம் போயிருந்தாலும் அவரைத் தவறான ஆறுதலுக்கே இட்டுச்சென்றிருக்கும்.

அம்மை என்ற முடிவு

புதன்கிழமை காலை நெஞ்சிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் தெரிந்தன. ஆயா பார்த்தவுடன் அம்மை போட்டிருக்கிறது என்றார். வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்பட்டது, செஃபிக்சிமும் பாராசிட்டமாலும் நிறுத்தப்பட்டன. அம்மை கண்ட வீட்டில் மாத்திரை மருந்து கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்ற வழக்கம் இப்பகுதியில் இன்னும் வலுவாக இருக்கிறது. தாய்க்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் மூன்று இடங்களில் காட்டியும் குறையாத காய்ச்சலுக்கு முதன்முதலாக ஒருவர் பெயர் சொன்னது ஆயாதான். அந்தப் பெயர் தாய்க்கு ஒருவித நிம்மதியையும் தந்தது என்று அவரே சொன்னார்.

வியாழக்கிழமை காலை கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். குழந்தை வாரம் முழுக்கப் பள்ளிக்கு வரவில்லை என்று தலைமை ஆசிரியை அவரிடம் சொல்லியிருந்தார். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் அவர் எடுத்த முடிவு குறிப்பிடத் தக்கது. அது அம்மையா இல்லையா என்ற வாதத்துக்குள் அவர் போகவில்லை. “அம்மையாவே இருக்கட்டும் ஆயா, மூச்சை மட்டும் எண்ணிப் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார். நிமிடத்துக்கு 46 மூச்சு. ஐந்து வயதைக் கடந்த குழந்தைக்கு 30க்கு மேல் போனாலே வேகமான மூச்சு என்று கொள்ள வேண்டும். முந்தின இரவிலிருந்து ஒரே ஒரு முறைதான் சிறுநீர் போயிருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தாள், உடனே மீண்டும் சோர்ந்து சாய்ந்தாள்.

சுகாதார நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று செவிலியர் சொன்னபோது ஆயா மறுத்தார். வேப்பிலைக் கொத்தைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டே போகலாம், ஆயாவும் கூட வரட்டும் என்று செவிலியர் சமாதானம் செய்தார். அப்படியே ஆட்டோவில் மூவரும் போனார்கள். என் பார்வையில் இந்த நிகழ்வின் போக்கையே மாற்றியது இந்தச் சமாதானம்தான். மருத்துவ அறிவு அதற்குப் பிறகே வேலை செய்யத் தொடங்கியது.

சுகாதார நிலையத்தில்

பணியில் இருந்த பெண் மருத்துவர் முதலில் கேட்டது, காய்ச்சல் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் தொடங்கியது என்பதை. நாட்கணக்காகக் கேட்கும்போது குழம்பிய தாய்க்கு, கிழமையாகக் கேட்டபோது தெளிவாக நினைவு வந்தது: வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் விட்டு வந்ததும். ஆக அது ஏழாம் நாள். இடையில் ஒருநாள் இறங்கியது மருந்தால்தான், நோய் தணிந்ததால் அல்ல என்பதும் அப்போது புரிந்தது.

பிறகு அவர் குழந்தையின் சட்டையை முழுக்கக் கழற்றச் சொல்லி, காதின் பின்புறம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று மடிப்புள்ள இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது அக்குளில் சிகரெட் சுட்ட தழும்பைப் போல, சிவந்த விளிம்புடன் ஒரு கருத்த பொருக்கு இருந்தது. அதன் அருகே நிணநீர்க் கட்டியும் தட்டுப்பட்டது. கல்லீரல் வீங்கியிருந்தது. நாடி 140, பாதங்கள் குளிர்ந்திருந்தன.

இது ஸ்க்ரப் டைபஸ், அதாவது மக்கள் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது. புதர்களிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம் கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது. கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கடித்த இடத்தில் வலியற்ற கருத்த பொருக்கு உண்டாவதுண்டு. எல்லா நோயாளிகளிடமும் அது இருப்பதில்லை என்பதால், பொருக்கு இல்லாததைக் கொண்டு இந்த நோயை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் தேடினால் மட்டுமே தெரியும் இடங்களில் அது இருக்கும். இந்தக் கிருமி உடலின் செல்களுக்குள் புகுந்து வாழ்வதால், ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய செஃபிக்சிம் இதற்கு வேலை செய்திருக்காது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் வேலை செய்யும். மழையும் குளிரும் சேரும் மாதங்களில் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இந்நோய் புதிதல்ல.

மருத்துவருக்கு முன் அப்போது இரண்டு வழிகள் இருந்தன. உறுதிப்படுத்தும் பரிசோதனை சுகாதார நிலையத்தில் இல்லாததால், மருந்து தொடங்காமல் மேல்மருத்துவமனைக்கு அனுப்பலாம். அல்லது பொருக்கை மட்டும் ஆதாரமாகக் கொண்டு முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு அனுப்பலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். டாக்சிசைக்ளின் அவரிடம் 100 மில்லிகிராம் கேப்சூலாகவே இருந்தது. 19 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படும் 40 மில்லிகிராம் சொச்சத்தை அதிலிருந்து துல்லியமாகப் பிரிப்பது கடினம் என்பதால், கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் அசித்ரோமைசின் சிரப் கொடுத்தார். ஆக்சிஜன் வைத்து 108 ஆம்புலன்சில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். கையோடு கொடுத்த கடிதத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதி, பொருக்கு இருக்கும் இடம், கொடுத்த மருந்து, அதைக் கொடுத்த நேரம் ஆகிய நான்கும் இருந்தன. முந்தைய சீட்டுகள் எதிலும் இந்த நான்கும் சேர்ந்து இல்லை.

பின்விளைவு

மருத்துவக் கல்லூரியில் தட்டணுக்கள் 62,000 ஆகக் குறைந்திருந்தன. சோடியம் குறைந்தும், கல்லீரல் நொதிகள் உயர்ந்தும் இருந்தன. எக்ஸ்ரேயில் நுரையீரல் அழற்சி தெரிந்தது. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் ஆக்சிஜனுடன் வைத்திருந்தார்கள். செயற்கைச் சுவாசம் தேவைப்படவில்லை. அளவு பிரித்துக் கொடுக்கும் வசதி அங்கு இருந்ததால் டாக்சிசைக்ளின் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது பல்லைக் கறைப்படுத்தும் என்ற பழைய அச்சம் இன்னும் சிலரைத் தயங்க வைக்கிறது. குறுகிய காலத்துக்கு எந்த வயதிலும் தரலாம் என்பதே இப்போதைய நிலைப்பாடு. சனிக்கிழமை காலையில் காய்ச்சல் முழுக்க நின்றது. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் ஐஜிஎம் பரிசோதனையும் (எலைசா முறையில் செய்தது) ஸ்க்ரப் டைபஸை உறுதிப்படுத்தியது. டெங்கு ஐஜிஎம் நெகட்டிவ்.

நவம்பர் 16ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். சில வாரங்களுக்குச் சோர்வு இருந்தது, மாத இறுதியில் பள்ளிக்குப் போனாள். வட்டாரச் சுகாதாரக் குழுவினர் ஊருக்கு வந்து வீடுவீடாகக் காய்ச்சல் விசாரித்தார்கள், ஆட்டுக் கொட்டகையை ஒட்டிய புதர்களை வெட்டச் செய்தார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் ஆகவில்லை. அதற்கு முந்தைய நாட்களின் மருந்து, பரிசோதனை, பயணச் செலவுக்குத் தாய் வாங்கிய கைமாற்று பொங்கல் வரை இருந்தது.

முடிவுகளைப் பற்றி

இத்தகைய நிகழ்வைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆயாவைக் குறை சொல்கிறார்கள். தாமதத்துக்கு அவர் காரணமானது ஒருநாள்தான். அதற்கு முன் நான்கு நாட்கள் குடும்பம் தாமதிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, ஓடிய ஒவ்வொரு இடத்திலும் காய்ச்சலின் வயது மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணப்பட்டது. மெடிக்கல்காரருக்கு அது நேற்றைய காய்ச்சல், வேலூர் மருத்துவருக்கு இரண்டு நாள் காய்ச்சல். அந்தந்த நாட்கணக்குக்கு அவரவர் செய்தது பெரும் பிழையாகத் தோன்றாது. மூன்று இடத்துத் தகவல்களும் ஒருவர் மேசையில் சேர்ந்திருந்தால் யாரும் அதை வைரஸ் காய்ச்சல் என்று விட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று நாளில் குறையாவிட்டால் வா என்ற கிளினிக் மருத்துவரிடமே திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல முடியாது. ஆனால், தான் கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், நாட்கணக்கும் சரியாக இருந்திருக்கும், இரத்த அறிக்கையையும் அவரே பார்த்திருப்பார். பெரிய டாக்டர் என்று தேடிப்போனதில் பட்டப்படிப்பு கூடியது, நோயின் வரலாறு அறுந்தது. மறுபுறம், ஞாயிற்றுக்கிழமை அவரும் சட்டையைத் தூக்கி நெஞ்சில் குழல் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். அக்குள் பொருக்கு அன்றே அங்கு இருந்தது. நெரிசலான கிளினிக்கில் ஒவ்வொரு குழந்தையையும் ஆடை களைந்து பார்ப்பது கடினம் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. மலையடிவாரத்தில், மழைக்காலத்தில், மூன்றாம் நாள் காய்ச்சலுக்காவது அதற்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

மாற வேண்டியவை

குடும்பத்தில் சில மாற்றங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. சீட்டுகளும் அறிக்கைகளும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைக்கப்படுகின்றன, காய்ச்சல் தொடங்கிய நாள் காலண்டர் தாளில் வட்டமிடப்படுகிறது. பாராசிட்டமால் பாட்டிலில் உள்ள எண்ணைப் படிக்கத் தாய் கற்றுக்கொண்டிருக்கிறார். அளவில் சந்தேகம் வந்தால் இரவிலும் 104 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம் என்பது அவருக்கு அந்த வாரத்தில் தெரிந்திருக்கவில்லை.

மூச்சு வேகமாவது, சிறுநீர் குறைவது, தொடர்ந்து வாந்தி எடுப்பது, கடுமையான வயிற்றுவலி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த மருத்துவர் நல்லவர் என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்துக்கோ உடனே போக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும் என்பதால், காய்ச்சல் விட்டும் குழந்தை தெளியாவிட்டால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் பெயரில்லாத பொட்டலம் கொடுப்பதை நிறுத்துவது குடும்பத்தால் ஆகிற காரியம் அன்று. பட்டையோடு கொடுங்கள் என்று கேட்பது மட்டுமே அவர்களால் முடியும். ஆய்வகங்கள் அறிக்கையை நோயாளியின் கைபேசிக்கு அனுப்பும்போது, எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும் ஒரு பிரதி அனுப்புவது பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு அல்ல.

அந்தச் சுகாதார நிலையத்தில் இப்போது காய்ச்சல் நோயாளிகளின் புறநோயாளிச் சீட்டில் ‘எத்தனை நாள்’ என்பதற்குப் பதிலாகத் தொடங்கிய தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறார்கள். வேறு எங்கு காட்டப் போனாலும் அந்தச் சீட்டையும் எடுத்துப்போகும்படி செவிலியர் தாய்மாரிடம் சொல்லி அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மட்டும் இன்னும் ஏற்பாடு இல்லை. அந்த நேரத்தில் காய்ச்சல் ஏறும் குழந்தைக்கு, இப்போதும் சந்தை ஊரின் அந்த ஒரு கிளினிக்தான்.